எந்தப் பைத்தான் பதிப்பு? அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழி

பைத்தான் என்ற நிரல் மொழியில் ‘நிலையான பதிப்பு எது?’ என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. 3.9 தொடங்கி ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. 2025 அக்டோபரில் 3.14 வெளியானது, அதே மாதத்தோடு 3.9-க்கான ஆதரவு முடிந்தது. ஆக 3.10, 3.11, 3.12, 3.13, 3.14 ஆகிய ஐந்தும் அன்றைய கணக்கில் நிலையானவைதான். பழைய லினக்ஸ் கெர்னலில் இரட்டைப்படை எண் நிலையானது, ஒற்றைப்படை சோதனைக்கானது என்ற வழக்கம் இருந்தது. அதை மனத்தில் வைத்து ‘3.13 வேண்டாம், 3.12தான் ஸ்திரமானது’ என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பைத்தானில் அப்படி ஒரு விதி இல்லை.

தவறான பதிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ‘பதிப்பு தவறு’ என்று கணினி வெளிப்படையாகச் சொல்வது அபூர்வம். மாட்யூல் (நிரல் இறக்குமதி செய்துகொள்ளும் தொகுதி) இல்லை என்கிறது, கம்பைலர் (மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) இல்லை என்கிறது, சான்றிதழ் சரியில்லை என்கிறது. நாமும் மாட்யூலையும் கம்பைலரையும் தேடிக்கொண்டு போகிறோம். அதனால்தான் திரையில் தெரிவதை வைத்தே இந்த வழிமுறையைப் பிரித்திருக்கிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் வரும்.

எதையும் தொடுவதற்கு முன்

எந்தப் பதிப்பை நிறுவினீர்கள் என்பதைவிட, இப்போது எது ஓடுகிறது என்பதே முதலில் தெரிய வேண்டும். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, இணையத்திலிருந்து இறக்கியது ஒன்று, அனகோண்டா கொண்டுவந்தது ஒன்று என ஒரே லேப்டாப்பில் மூன்று பைத்தான்கள் இருப்பது சாதாரணம். எடிட்டர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தனிக் கதை. நிரலின் தொடக்கத்தில் ‘சிஸ்’ மாட்யூலை இறக்குமதி செய்து, அதன் ‘எக்ஸிக்யூட்டபிள்’ மதிப்பை அச்சிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் முழுப் பாதையும் வந்துவிடும்.

அடுத்தது பிப், அதாவது வெளித் தொகுப்புகளை நிறுவும் கருவி. அதைத் தனியாக அழைக்காமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்றே அழையுங்கள். இதனோடு ‘--வெர்ஷன்’ சேர்த்தால், வரும் வரியின் கடைசியில் அந்தப் பிப் எந்தப் பைத்தானைச் சேர்ந்தது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். ‘நிறுவிவிட்டேன், ஆனால் இல்லை என்கிறது’ என்ற புகாரில் பெரும்பாலும் பிப் 3.12-இல் நிறுவியிருக்கும், நிரல் 3.13-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

விண்டோஸில் பி, ஒய் என்ற இரண்டெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு. அதன் பின் கழித்தல் குறியும் 0 எண்ணும் இட்டால் கணினியில் உள்ள பைத்தான்கள் வரிசையாகத் தெரியும். 0-க்குப் பதில் 3.12 என்று இட்டால் அந்தப் பதிப்பே ஓடும்.

அறிகுறி: நேற்றுவரை இருந்த மாட்யூல் இன்று ‘இல்லை’ என்கிறது

திரையில் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்’. பெயரைக் கவனியுங்கள். அது நீங்கள் நிறுவ வேண்டிய வெளித் தொகுப்பாக இருந்தால் மேலே சொன்ன சோதனையே போதும். ஆனால் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’, ‘இம்ப்’, ‘அசின்கோர்’, ‘சிஜிஐ’, ‘டெல்நெட்லிப்’, ‘இம்ஹெச்டிஆர்’ போன்ற பெயராக இருந்தால் விஷயம் வேறு. இவை பைத்தானோடு பெட்டியிலேயே வந்துகொண்டிருந்தவை. இப்போது நீக்கப்பட்டுவிட்டன.

நீக்கம் இரண்டு அலையாக நடந்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12, டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப், அசின்கோர், அசின்சாட் போன்றவற்றை எடுத்தது. 2024 அக்டோபரில் வந்த 3.13, சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப், ஆடியோஆப் உள்ளிட்ட 19 பழைய மாட்யூல்களை ஒரே வீச்சில் எடுத்தது. ஆகவே எந்தப் பெயர் காணவில்லை என்பதே எந்த எல்லையை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடும்.

டிஸ்ட்யூட்டில்ஸ் என்றால் முதலில் ‘செட்டப்டூல்ஸ்’ தொகுப்பை நிறுவிப் பாருங்கள். டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு பிரதி அதற்குள் இருக்கிறது. 3.11 வரை புதிய மெய்நிகர் சூழல் (ஒரு திட்டத்தின் தொகுப்புகளைத் தனியே வைக்கும் கோப்புறை) ஒவ்வொன்றிலும் செட்டப்டூல்ஸ் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். 3.12 முதல் வருவதில்லை. ‘சூழலைப் புதிதாக உருவாக்கியதும் உடைந்தது’ என்ற குழப்பம் இதனால்தான்.

3.13-இல் போனவற்றுக்கு பைபிஐ எனும் பைத்தான் தொகுப்புக் களஞ்சியத்தில் மாற்றுகள் உள்ளன: ‘லெகசி-சிஜிஐ’, ‘ஸ்டாண்டர்ட்-டெல்நெட்லிப்’, ‘ஆடியோஆப்-எல்டிஎஸ்’. ஒரு திட்டத்தைப் புதிய முறைக்கு மாற்றி எழுதும்வரை தாக்குப்பிடிக்க இவை உதவும். இம்ப் மாட்யூலுக்கு அப்படிக் குறுக்குவழி தேடாதீர்கள். ‘இம்போர்ட்லிப்’ கொண்டு அந்தச் சில வரிகளைத் திருப்பி எழுதிவிடுவதே மேல்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: ‘கலெக்‌ஷன்ஸ்’ மாட்யூலிலிருந்து ‘மேப்பிங்’ என்ற பெயரை இறக்குமதி செய்ய முடியவில்லை என்ற செய்தி. அது 3.10-இல் நடந்த மாற்றம். ‘கலெக்‌ஷன்ஸ்’ என்பதை ‘கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி’ ஆக்கினால் முடிந்தது.

பிழை உங்கள் நிரலில் இல்லாமல், நீங்கள் நிறுவிய தொகுப்புக்குள் இருந்தால் என்ன செய்வது? பிழைத் தடத்தின் கடைசி வரிகளில் ‘சைட்-பேக்கேஜஸ்’ என்ற கோப்புறை தெரிந்தால் அது அந்த வகை. முதலில் அந்தத் தொகுப்பைப் புதுப்பியுங்கள். புதிய வெளியீடே இல்லையென்றால் பைத்தானை ஒரு படி இறக்குங்கள்: முதல் அலையில் போனதென்றால் 3.11, இரண்டாம் அலையில் போனதென்றால் 3.12. 3.11-க்கு 2027 அக்டோபர் வரையும் 3.12-க்கு 2028 அக்டோபர் வரையும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நெடுநாளாகக் கை வைக்கப்படாத தொகுப்பை நம்பித்தான் இறங்குகிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் அந்த அவகாசத்தில் மாற்றுத் தொகுப்பு தேடுவேன்.

அறிகுறி: பிப் நெடுநேரம் ஓடி, கடைசியில் சி கம்பைலர் கேட்கிறது

விண்டோஸில் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேல் தேவை’. லினக்ஸில் ‘பைத்தான்.ஹெச் கோப்பு இல்லை’ அல்லது ஜிசிசி (லினக்ஸின் சி கம்பைலர்) தோல்வி. சிவப்பு எழுத்து பக்கம் பக்கமாக ஓடும். இந்த இடத்தில் பலரும் பல ஜிபி எடையுள்ள விஷுவல் ஸ்டுடியோ கருவிகளை இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பத்துக்கு ஒன்பது முறை அது தேவையில்லை.

நடப்பது இதுதான். நம்பை, பாண்டாஸ் போன்ற தரவுக் கணக்கீட்டுத் தொகுப்புகளின் உள்ளே சி மொழியில் எழுதிய பகுதிகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே கம்பைல் செய்து ‘வீல்’ எனும் கோப்பாகப் பைபிஐயில் வைத்திருப்பார்கள். வீல் கோப்பின் பெயரையே நிதானமாகப் படித்துப் பாருங்கள். தொகுப்பின் பெயர், அதன் பதிப்பு, பிறகு ‘சிபி312’ போன்ற ஒரு குறி, கடைசியில் இயங்குதளம். ‘சிபி’ என்றால் சிபைத்தான், வழக்கமாக நாம் நிறுவும் பைத்தான். 312 என்றால் 3.12. 3.13-இல் இருக்கும் பிப் ‘சிபி313’ குறியுள்ள வீலைத்தான் எடுத்துக்கொள்ளும். அது இல்லையென்றால் மூல நிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய முயலும். கம்பைலர் கேட்கும் செய்தி அப்போதுதான் வருகிறது. (‘ஏபிஐ3’ என்ற குறி இருந்தால் அந்த வீல் பல பதிப்புகளுக்குப் பொதுவானது, இந்தத் தொல்லை இல்லை.)

ஓர் உதாரணம். தேவைப்பட்டியல் கோப்பில் நம்பை 1.26.4 என்று பதிப்பைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். கணினியில் 3.13. நம்பை 1.26.4-க்கு 3.9 முதல் 3.12 வரை மட்டுமே வீல்கள் உண்டு. ‘3.9-க்கு மேல்’ என்பதே அதன் நிபந்தனை, உச்சவரம்பு எதுவும் இல்லை. அதனால் பிப்பும் மறுக்காமல் கம்பைல் செய்யத் தொடங்கிவிடுகிறது. வழி இரண்டு: நம்பையை 2.1 அல்லது அதற்கு மேல் ஏற்றுங்கள், 3.13-க்கான வீல் அதிலிருந்து கிடைக்கும். அல்லது பைத்தானை 3.12-க்கு இறக்குங்கள். நம்பை 2.0-இல் பழைய நிரல்களை உடைக்கும் மாற்றங்கள் உள்ளதால், நாளை ஒப்படைக்க வேண்டிய வேலையென்றால் பைத்தானை இறக்குவதே பாதுகாப்பு.

இதன் உடன்பிறப்பு ஒன்று 3.12-இல் வரும்: ‘பிகேஜியூட்டில் மாட்யூலில் இம்ப்இம்போர்ட்டர் இல்லை’. பார்த்தால் புரியாத செய்தி. பூட்டிய பழைய தொகுப்பு, தன்னைக் கட்டியெழுப்பப் பழைய செட்டப்டூல்ஸை அழைக்கிறது; அந்தப் பழைய செட்டப்டூல்ஸ் 3.12-இல் நீக்கப்பட்ட ஒரு பொருளைத் தேடுகிறது. பிப்பைத் திருத்தியோ செட்டப்டூல்ஸை மீண்டும் நிறுவியோ பயனில்லை. பூட்டிய எண்ணை உயர்த்த வேண்டும், நம்பையென்றால் 3.12-க்கு வீல் தரத் தொடங்கியது 1.26-இல்தான்.

இந்த ஓட்டத்தையே தவிர்க்க, நிறுவும் கட்டளையில் ‘--ஒன்லி-பைனரி’ என்ற விருப்பத்தோடு ‘:ஆல்:’ சேர்த்துக்கொள்ளுங்கள். வீல் இல்லையென்றால் பிப் உடனே நின்றுவிடும். எந்தத் தொகுப்பு என்றும் ஒரே வரியில் தெரிந்துவிடும். புதிய பதிப்புக்கு மாறலாமா என்று முடிவெடுக்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது: காலியான மெய்நிகர் சூழல், இந்த விருப்பம், உங்கள் தேவைப்பட்டியல். எல்லாம் இறங்கினால் மாறலாம்.

அறிகுறி: ‘பொருந்தும் பதிப்பு கிடைக்கவில்லை’, கூடவே ‘ஃப்ரம் வெர்ஷன்ஸ்: நன்’

தொகுப்பின் பெயரைத் தவறாகத் தட்டியிருந்தாலும் இதே செய்திதான். பெயர் சரியென்றால், மூல நிரலைத் தராமல் வீல் மட்டுமே தரும் தொகுப்பு அது. உங்கள் பதிப்புக்கு வீல் இல்லை. இயந்திரக் கற்றல் தொகுப்பான டென்சர்ஃப்ளோவில் இது அடிக்கடி நேரும். அதன் பைபிஐ பக்கத்தில் கோப்புப் பட்டியலைத் திறந்து ‘சிபி’ குறிகளில் பெரிய எண் எது என்று பாருங்கள். அந்தப் பைத்தானை நிறுவுங்கள். விண்டோஸில் 32 பிட் பைத்தானை நிறுவிவிட்டாலும் இதே முடிவுதான். அங்கே பதிப்பு எண்ணை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

அறிகுறி: உங்களிடம் ஓடுகிறது, சர்வரில் ‘சின்டாக்ஸ் எரர்’

சர்வரில் பழைய பைத்தான். பிழை சுட்டும் வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘மேட்ச்’, ‘கேஸ்’ இருந்தால் 3.10 தேவை. எஃப்-ஸ்டிரிங்கின் (மாறிகளின் மதிப்பை உள்ளே இட்டு எழுதும் சரம்) வெளியே இட்ட அதே மேற்கோள் குறி உள்ளேயும் இருந்தால் 3.12 தேவை, அதற்கு முன் உள்ளே வேறு குறிதான் இட வேண்டும். சின்டாக்ஸ் எரருக்குப் பதிலாக ‘டைப் எரர்’ வந்து, ‘|’ குறியையும் ‘நன்டைப்’ என்பதையும் சொன்னால், வகைக் குறிப்பில் செங்குத்துக் கோடு இட்டு எழுதியிருக்கிறீர்கள், சர்வர் 3.9 அல்லது அதற்குக் கீழ். ‘டாம்லிப்’ மாட்யூல் இல்லை என்றால் 3.11-க்குக் கீழ்.

சர்வரில் என்ன இருக்கும் என்பதை முன்பே அறிந்துகொள்ளலாம். உபுண்டு 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12. டெபியன் 12-இல் 3.11, 13-இல் 3.13. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் இன்றும் 3.9.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பைத்தான் குழு 3.9-ஐக் கைவிட்டாலும், தன் இயங்குதளத்தோடு வந்த 3.9-க்கு ரெட்ஹாட் தானே பாதுகாப்புத் திருத்தங்களைத் தருகிறது. ‘அப்படியானால் 3.9-இலேயே இருக்கலாமே’ என்று நிர்வாகம் சொல்லும். அந்த ஆதரவு பைத்தானுக்கும் ரெட்ஹாட் தரும் தொகுப்புகளுக்கும் மட்டும்தான். பிப் வழியே நீங்கள் இறக்குபவற்றுக்கு இல்லை. நம்பை 2.1-இலேயே 3.9-ஐ விட்டுவிட்டது. 2.3-இல் 3.10-ஐயும் விட்டது. அறிவியல் தொகுப்புகளுக்கிடையே, ஒரு பைத்தான் பதிப்பு வெளியாகி மூன்றாண்டு ஆனதும் அதற்கான ஆதரவை நிறுத்தலாம் என்ற பொது ஏற்பாடு இருக்கிறது. பைத்தான் குழு சொல்லும் ஐந்தாண்டு, தரவுப் பகுப்பாய்வு செய்பவர்களுக்கு நடைமுறையில் மூன்றாண்டுதான்.

சர்வரை மாற்ற முடியாத நிலை என்றால், உங்கள் லேப்டாப்பிலும் அதே பதிப்பை வைத்து எழுதுங்கள். ‘பைப்ராஜெக்ட்’ கோப்பில் ‘ரிக்வயர்ஸ்-பைத்தான்’ என்ற வரியில் குறைந்தபட்சப் பதிப்பை எழுதி வைத்தால், தவறான இடத்தில் நிறுவ முயலும்போதே பிப் மறுத்துவிடும்.

அறிகுறி: 3.10 கேட்டால் 3.1 இல்லை என்கிறது

தானியங்கிச் சோதனைகளை யாமல் எனும் அமைப்புக் கோப்பில் அமைப்பவர்களுக்கு இது பழக்கமானது. பதிப்பு என்ற இடத்தில் 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் யாமல் அதைத் தசம எண்ணாகப் படிக்கிறது. தசம எண்ணில் 3.10-உம் 3.1-உம் ஒன்றுதானே! ‘3.1 பதிப்பு கிடைக்கவில்லை’ என்று சோதனை விழுந்துவிடும். மேற்கோள் குறிக்குள் இடுங்கள். 3.11 முதல் 3.19 வரை குறி இல்லாமலும் ஓடிவிடும் என்பதால் பலர் இதைத் திருத்துவதே இல்லை. ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கு மாறாவிட்டால் 2031-இல் 3.20 வரும்போது இதே கதை மறுபடி நடக்கும்.

இதன் இன்னொரு வடிவம் நிரலுக்குள்ளேயே இருக்கும். பதிப்பைச் சரமாக எடுத்து முதல் மூன்று எழுத்தை வெட்டிப் பார்க்கும் பழைய நிரல்களுக்கு 3.14-உம் ‘3.1’ என்றே தெரியும். ‘இது மிகப் பழைய பைத்தான்’ என்று 3.14-ஐப் பார்த்து ஒரு நிரல் சொன்னால் காரணம் இதுவே. ‘சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோ’ தரும் எண் தொகுதியோடு ஒப்பிடும்படி மாற்றுங்கள்.

அறிகுறி: ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’

டெபியன் 12-இலும் உபுண்டுவின் அண்மைய பதிப்புகளிலும் பிப் நேரடியாக எதையும் நிறுவ மறுக்கும். இது பிழை அல்ல, காவல். இயங்குதளத்தின் பைத்தான் இயங்குதளத்துக்கானது. மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்ற விருப்பத்தை இட்டால் ஓடிவிடும். பெயரிலேயே விளைவு எழுதியிருக்கிறது.

அறிகுறி: பைத்தானை மாற்றிய பிறகு ஆப்ட் ஓடவில்லை

ஆப்ட் என்பது உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி. ‘ஆப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லை’ என்ற செய்தி வந்தால், யாரோ கணினியின் ‘பைத்தான்3’ இணைப்பைப் புதிய பதிப்புக்குத் திருப்பியிருக்கிறார்கள். உபுண்டுவின் மென்பொருள் நிர்வாகக் கருவிகள் சில பைத்தானில் எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் சி மாட்யூல்கள் உபுண்டு தந்த அந்த ஒரே பதிப்புக்குக் கம்பைல் செய்தவை. 22.04-இல் 3.12-ஐ முன்னிருப்பாக்கினால் அவை தங்கள் மாட்யூலைத் தேடித் திணறும். சில சமயம் முனையச் சாளரமே திறக்காது.

இணைப்பைப் பழைய பதிப்புக்கே திருப்புங்கள், சரியாகிவிடும். புதிய பதிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் வையுங்கள்: உபுண்டுவுக்கு ‘டெட்ஸ்னேக்ஸ்’ களஞ்சியம், அல்லது ‘யுவி’, ‘பைஎன்வ்’ போன்ற கருவிகள். யுவி தயார்நிலைப் பைத்தானை இறக்கிக்கொள்வதால் நொடிகளில் முடிகிறது. பைஎன்வ் உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்கிறது, அதற்கு வேண்டிய நூலகங்கள் இல்லையென்றால் பாதி உறுப்புகள் இல்லாத பைத்தான் கிடைக்கும். இன்று தொடங்குபவருக்கு யுவியையே சொல்வேன்.

அறிகுறி: மேம்படுத்திய மறுநாள் மெய்நிகர் சூழல் செத்துக் கிடக்கிறது

‘பேட் இன்டர்பிரட்டர்’ என்றோ, நிறுவிய தொகுப்பு எதுவுமே இல்லை என்றோ வரும். மேக்கில் ஹோம்ப்ரூ பைத்தானை உயர்த்திய பிறகும், உபுண்டுவை 22.04-இலிருந்து 24.04-க்கு ஏற்றிய பிறகும் இது நிச்சயம். மெய்நிகர் சூழல் பைத்தானின் முழுப் பிரதி அல்ல. உண்மையான பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்பும், ‘பைத்தான்3.10’ என்று பதிப்பு எண்ணோடு பெயரிட்ட ஒரு கோப்புறையும்தான். பதிப்பு மாறினால் அந்தக் கோப்புறையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பழுது பார்க்க முயலாமல் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். தேவைப்பட்டியல் கோப்பு இல்லையென்றால், அழிக்கும் முன் அந்தக் கோப்புறையின் உள்ளே பாருங்கள்: ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் ஒவ்வொரு கோப்புறையின் பெயரிலும் ஒரு தொகுப்பும் அதன் பதிப்பும் இருக்கும். பட்டியலைக் கையால் மீட்டுவிடலாம்.

அறிகுறி: தமிழ்க் கோப்பைத் திறந்தால் ‘சார்மேப்’ பிழை

லினக்ஸில் சரியாக ஓடும் நிரல் விண்டோஸில் ‘யூனிகோட் டிகோட் எரர்’ தந்து, 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்கிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தவறாமல் நேரும். ஏன் தவறாமல் என்பதற்குக் காரணம் நம் புள்ளி. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி, யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. மூன்றாவது பைட் 8டி. குறியாக்கத்தைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் விண்டோஸில் பைத்தான் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது 1252. அந்த அட்டவணையில் 8டி என்ற இடம் காலி. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுவது எவ்வளவு அரிது!

இதற்காகப் பதிப்பை ஏற்றி இறக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. 3.14 வரை எதற்கு மாறினாலும் தீராது. யூடிஎஃப்-8-ஐ எல்லா இயங்குதளங்களிலும் முன்னிருப்பாக்கும் முடிவு 3.15-க்குத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. அதுவரை கோப்பைத் திறக்கும் இடத்தில் ‘என்கோடிங்’ என்ற அளவுருவில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். பிறர் எழுதிய நிரலென்றால் ‘பைத்தான்யூடிஎஃப்8’ என்ற சூழல் மாறிக்கு 1 என மதிப்பிட்டு ஓட்டுங்கள், 3.7 முதலே அது வேலை செய்கிறது.

அறிகுறி: 3.13-க்கு மாறியதும் அலுவலக முகவரிகளில் மட்டும் சான்றிதழ்ப் பிழை

வெளி இணையதளங்கள் திறக்கின்றன. நிறுவனத்துக்குள் உள்ள சேவை மட்டும் ‘மிஸ்ஸிங் அத்தாரிட்டி கீ ஐடென்டிஃபையர்’ என்கிறது. 3.13 முதல் பாதுகாப்பான இணைப்புக்கான பைத்தானின் இயல்பான எஸ்எஸ்எல் அமைப்பு சான்றிதழ்களைக் கடுமையாகச் சோதிக்கிறது. அலுவலகங்களில் கையால் உருவாக்கிய பழைய சான்றிதழ்கள் பலவற்றில் அந்த விவரம் இருப்பதில்லை. சரியான தீர்வு சான்றிதழைத் திரும்ப வழங்குவது. அதற்கு நாளாகுமென்றால் சோதனையைக் கடுமையாக்கும் அந்த ஒரு அமைப்பை மட்டும் உங்கள் நிரலில் எடுத்துவிடுங்கள். சரிபார்ப்பையே முழுவதும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தவர்கள் திரும்பப் போடுவதில்லை.

‘எஸ்எஸ்எல் மாட்யூலே இல்லை’ என்று பிப் சொல்வது வேறு நோய். 3.10 முதல் பைத்தானுக்கு ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.1.1 வேண்டும். பழைய லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 1.0.2. அதில் 3.10-ஐக் கம்பைல் செய்தால் பைத்தான் உருவாகும், எஸ்எஸ்எல் மட்டும் உருவாகாது. சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது. இங்கே மாற்ற வேண்டியது பைத்தானை அல்ல, இயங்குதளத்தை.

அறிகுறி: 3.14-இல் மல்டிபிராசசிங் உடைகிறது

மல்டிபிராசசிங் என்பது வேலையைப் பல செயல்முறைகளுக்குப் பிரித்து ஓட்டும் மாட்யூல். லினக்ஸில் மட்டும், 3.14-க்கு மாறிய பிறகு மட்டும் ‘பிக்கிள்’ (தரவை அனுப்பத்தக்க வடிவமாக்குதல்) பிழை வந்தால், துணைச் செயல்முறைகளைத் தொடங்கும் முறை ‘ஃபோர்க்’ என்பதிலிருந்து ‘ஃபோர்க்சர்வர்’ ஆக மாறியதே காரணம். தாய்ச் செயல்முறையின் நினைவகம் இனித் தானாகக் கைக்கு வராது. அவசரத்துக்கு ‘ஃபோர்க்’ முறையை வெளிப்படையாகக் கேட்டுப் பெறலாம்.

அறிகுறி: வேண்டிய பதிப்புக்கு விண்டோஸ் நிறுவி கிடைக்கவில்லை

3.11-இன் அண்மைய திருத்தத்தைத் தேடிப் போகிறீர்கள். பக்கத்தில் மூல நிரல் மட்டும் இருக்கிறது. இணைப்பு உடையவில்லை. ஒரு பதிப்பின் ஐந்தாண்டில் முதல் பகுதியில்தான் வழுத் திருத்தங்களும் நிறுவிகளும் வரும். பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், அதுவும் மூல நிரலாக. 3.12 வரை அந்த முதல் பகுதி ஒன்றரை ஆண்டு, 3.13 முதல் இரண்டு ஆண்டு. நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்புகள்: 3.10-க்கு 3.10.11, 3.11-க்கு 3.11.9, 3.12-க்கு 3.12.10. விண்டோஸில் 3.11.9-ஐ நிறுவி நிம்மதியாக இருப்பவர், அதன் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இல்லாமல் இருக்கிறார்.

அறிகுறி எதுவும் இல்லை, புதிதாகத் தொடங்குகிறேன்

முந்தைய அக்டோபரில் வந்ததற்கு ஒரு படி பின்னால் உள்ளதை எடுங்கள். 3.14 புதிது என்றால் 3.13. அதற்கு ஓராண்டு ஆகியிருக்கும், வீல்கள் வந்திருக்கும், வழுத் திருத்தங்களும் நிறுவிகளும் இன்னும் ஓராண்டுக்குத் தொடரும். இணையச் சேவை எழுதுபவருக்கும் கற்றுக்கொள்பவருக்கும் இது பொருந்தும். வெளித் தொகுப்பு எதுவும் தேவைப்படாத சிறு கருவி என்றால் 3.14-ஐயே எடுக்கலாம், புள்ளிக்குப் பின் 0 என்று முடிவதை மட்டும் உற்பத்திச் சர்வரில் வைக்க நான் விரும்புவதில்லை.

இயந்திரக் கற்றல் வேலை என்றால் மிக மெதுவாக நகரும் தொகுப்பு எது என்று பார்த்து, அது ஆதரிக்கும் உச்சப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்; பைத்தானை முதலில் முடிவு செய்யாதீர்கள். 3.10-இலேயே இருக்கிறீர்களா? 2026 அக்டோபரோடு அது முடிகிறது. அங்கிருந்து 3.11-க்கு மட்டும் போனாலும் வேகம் கூடும். பைத்தான் குழுவின் சொந்த அளவீட்டில் சராசரியாக 1.25 மடங்கு. ஆனால் இறங்க வேண்டிய இடம் 3.12 அல்லது 3.13. நீக்கப்பட்ட மாட்யூல்களின் தொல்லையை இருமுறை படுவதைவிட ஒருமுறை படுவது மேல்.

பதிவிறக்கப் பட்டியலில் எண்ணுக்குப் பின் ‘டி’ என்ற எழுத்து ஒட்டிய 3.13டி, 3.14டி என்பவை கண்ணில் படலாம். பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்காக ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் பூட்டை நீக்கிய தனிக் கட்டமைப்புகள் அவை. 3.13-இல் சோதனை முயற்சியாக வந்து, 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது. அவற்றுக்கு வீல்களும் தனி. எதற்கு வேண்டும் என்று தெளிவாகத் தெரியாதவருக்கு அது தேவையில்லை.

அறிகுறி: நிரல் ஓடுகிறது, ஆனால் எச்சரிக்கை வருகிறது

‘டெப்ரிகேஷன் வார்னிங்’ என்பது அடுத்த பதிப்பின் பிழையை முன்கூட்டியே காட்டுவது. டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இல் போவதற்கு முன் 3.10-இலேயே எச்சரிக்கை தரத் தொடங்கியிருந்தது. பைத்தான் இவற்றில் பலவற்றை இயல்பாக மறைத்துவிடும். பதிப்பை உயர்த்துவதற்கு முன், இப்போதைய பதிப்பிலேயே ‘-டபிள்யூ எரர்’ என்ற விருப்பத்தோடு சோதனைகளை ஓட்டுங்கள். எச்சரிக்கை ஒவ்வொன்றும் பிழையாகி அங்கேயே நிற்கும். வெளித் தொகுப்புகளின் எச்சரிக்கைகளும் சேர்ந்து விழும் என்பதால் முதல் ஓட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் கோப்புகளின் பெயர் வருபவற்றை மட்டும் பொறுக்குங்கள்.

அதில் மிக அடிக்கடி அகப்படுவது ‘யூடிசிநௌ’, இப்போதைய உலகப் பொது நேரத்தைத் தரும் அழைப்பு. 3.12 முதல் எச்சரிக்கை தருகிறது. மாற்றாக நேர மண்டலத்தைக் கொடுத்து ‘நௌ’ என்பதை அழைக்க வேண்டும். பழையது மண்டலம் இல்லாத நேரத்தைத் தரும். புதியது மண்டலத்தோடு தரும். இரண்டில் எது முந்தியது என்று ஒப்பிட்டாலோ ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாலோ டைப் எரர் வரும். ஆகவே ஒரு கோப்பில் ஓரிடத்தில் மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். அந்த நேரம் எங்கெல்லாம் போகிறதோ, தரவுத்தளத்திலிருந்து படிக்கும் இடம் உட்பட, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள்.